அரை அடி உயரமும் ஒன்பது கூடைகளும்

ஸ்பிரிங் பட்டறை வைத்திருப்பவனுக்கு இரண்டு முதுகு வேண்டும்: ஒன்று வண்டிக்கு அடியில் படுப்பதற்கு, இன்னொன்று வண்டிக்காரர் பேச்சைத் தாங்குவதற்கு. கடவுள் எனக்கு ஒன்றைத்தான் கொடுத்தார். அதை வைத்தே இரண்டு வேலையும் பார்த்துவிட்டேன். ஸ்பேனர் வழுக்கி முட்டி பெயர்ந்தவர்களே, கிரீஸ் கையோடு சோறு தின்றவர்களே, ‘நாளைக் காலையில் வண்டி ரெடி’ என்று சொல்லிவிட்டு மூன்று நாள் தலைமறைவாகத் திரிந்தவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்களும் படிக்கலாம், ரொம்பச் சிரிக்காமல் இருந்தால் போதும்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, நானும் கரீம் பாயும் கூட்டாகப் பட்டறை போட்டிருந்தோம். லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி மாட்டுவதுதான் தொழில். நெருப்பில் போட்டு வளைப்பது பாய், வண்டிக்கு அடியில் போய் மாட்டுவது நான். கீழே வருவது எல்லாம் ஒரே ஒரு பிக்கப் வண்டியின் கதை. அந்த வண்டியில் நான் செய்யாத தப்பு இல்லை. ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது வெட்கம் அல்ல, நன்றி.

கடப்பாக்கத்திலிருந்து வந்தவர்கள்

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். பழைய பிக்கப் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் துலுக்காணம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவன் அண்ணி கன்னியம்மா. கடப்பாக்கம் குப்பத்தில் மீன் வியாபாரம் செய்யும் ஒன்பது பெண்கள் சேர்ந்து வாங்கிய வண்டி அது. விடிகாலையில் கரையில் மீன் எடுத்து, செய்யூர், மதுராந்தகம் வழியாகச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டு வருவார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கரைக்குப் போகாது. ரோட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு மைல் மணல், குறுக்கே ஒரு உப்புக் கால்வாய். வண்டியின் வயிறு மணலில் தட்டி உட்கார்ந்துவிடும். அதனால் சவுக்குத் தோப்போடு நின்றுவிடும். அந்த ஒரு மைலை ஒன்பது பெண்களும் தலையில் கூடையோடு நடந்தார்கள்.

கன்னியம்மாவுக்குத்தான் அவசரம். பதினேழு வருஷமாகக் கூடை சுமந்து கழுத்து எலும்பு தேய்ந்து போயிருந்தது. இடது கை திடீர் திடீரென்று மரத்துப்போகும். இனிமேல் தலையில் பாரம் வைத்தால் கை விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கூடை தூக்க முடியாதவளுக்கு வியாபாரத்தில் இடம் இல்லை. வியாபாரத்தை விட்டால் வீட்டில் அடுப்பு இல்லை. மூன்று பட்டறைகளில் கேட்டிருக்கிறார், மூன்றிலும் சிரித்து அனுப்பிவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. இரக்கத்தால் என்று நினைக்காதீர்கள், அந்த மூன்று பட்டறைக்காரர்களும் என்னைவிடப் பெயர் வாங்கியவர்கள், அந்த எரிச்சலில்தான். “முடியுமா, முடியாதா?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மாவே சொன்னார்:

“பதினேழு வருசமா எங்க காலு வண்டியாண்ட போச்சு, மெக்கானிக்கு. இனிமே வண்டி எங்க காலாண்ட வரணும்.”

பூட்ஸ்

எனக்குத் தோன்றிய வழி இது. ராணுவத்தில் கழித்துவிட்ட வண்டிகளின் சாமான்கள் மதராஸ் புதுப்பேட்டையில் கிடைக்கும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகள் அவை, தரையிலிருந்து நன்றாகத் தூக்கலாக நிற்கும். அந்த வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள், அவற்றைத் தொங்கவிடும் பிடிகள், நீள போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு செட்டாக வாங்கி நம் பிக்கப்பில் மாட்டினால் வண்டி அரை அடி உயரும். வயிறு மணலில் தட்டாது. ஆனால் நம் வண்டியில் பின் சக்கரம் இரண்டுதான் இழுக்கும். முன் சக்கரம் சும்மா உருளும். அது மாறாது. இதை நான் துலுக்காணத்திடம் மூன்று தரம் சொன்னேன்.

அவன் மூன்று தரமும் தலையாட்டினான். பிறகு சாக்கு மூட்டையைப் பிரித்து அந்தப் பட்டைகளைப் பார்த்ததும், “நாலு வீல் வண்டி ஸ்பிரிங்கு மாட்டினா நாலு வீலும் இழுக்கத்தானே அண்ணாத்த செய்யும்?” என்று ஆரம்பித்தான். குப்பத்தில் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறானாம். நான் நாலாவது தரம் விளக்க வாயெடுத்தபோது கன்னியம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்:

“மிலிட்டரிக்காரன் பூட்ஸ நீ மாட்டிக்கினா மிலிட்டரி ஆயிடுவியா? கம்முனு கெட.”

வெறுங்கை

வேலை நான் நினைத்ததுபோல் இல்லை. உங்களுக்கே தெரியும், எந்த வேலைதான் நாம் நினைத்ததுபோல் இருந்தது? ராணுவப் பட்டை அகலம், எங்கள் ஆக்சிலில் அது உட்காரும் இடமோ குறுகல். கரீம் பாய் தடிமனான தகட்டை வெட்டி, துளைத்து, ராவி, நான்கு சக்கரத்துக்கும் புது இருக்கை செய்தார். பத்து நாள் ஆனது. ஒருநாளும் அவர் முகம் சுளிக்கவில்லை. என்னுடைய வீம்புக்கு அவர் தோள் வலித்தது. அதற்கு இங்கேயாவது ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன், நேரில் சொன்னால் திட்டுவார்.

எல்லாம் முடிந்து ஜாக்கியை இறக்கினேன். வண்டி கம்பீரமாக நின்றது. நான் கையைத் துடைத்துக்கொண்டு டீ சொல்லப் போனேன். பாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டிக்கு அடியில் கையில் ஒன்றும் இல்லாமல் ஒருதரம் போய்ப் படுத்துக்கொள்வார். ஸ்பேனர் இருந்தால் எதையாவது முடுக்கத் தோன்றும், வெறுங்கையாக இருந்தால்தான் கண் பார்க்கும் என்பது அவர் கட்சி. அன்றும் படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. போய்ப் பார்த்தேன். வண்டி அரை அடி உயர்ந்துவிட்டது, முன் சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸ் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது, துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்துக்கொண்டு. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், அறுந்து பிரேக் போயிருக்கும். முன் சீட்டில் கன்னியம்மா உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பாய் படுத்த இடத்திலிருந்தே கேட்டார்:

“நைனா, வண்டி மேல ஏறிக்கிச்சு, சரி. பிரேக்கு கீழயே நின்னுகினு கீதே, அத்த யாரு கூப்புடறது?”

மீன் எப்படி வரும்

ஹோஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது புதுப்பட்டினத்தில் குடியிருந்த ஒரு என்ஜினியர் தன் ஜீப்போடு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கல்பாக்கத்தில் வேலை. எங்கள் பிக்கப்பை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, “இவ்வளவு உயரத்துல பாரமும் மேல நின்னுச்சுன்னா வளைவுல கவுந்துரும், பாத்துக்கிடுங்க. பாரத்தைத் தாழ வைக்கணும்” என்று அக்கறையோடு சொன்னார். நல்ல மனுஷர், சொன்னதும் சரிதான். பிற்பாடு ஐஸ் பெட்டியை முன்னால் தாழ வைத்தது அவர் சொல்லித்தான். ஆனால் துலுக்காணத்துக்குத் தன் வண்டியைக் குறை சொன்னால் பொறுக்காது:

“மீனு எங்க சார் நிக்குது? எல்லாம் படுத்துக்கினுதான் வரும்.”

கரையில் ஒரு காலை

முதல் நாள் நானும் கூடப் போனேன். சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது துலுக்காணம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டான், நானும்தான். மணலில் இறங்கினோம். வயிறு தட்டவில்லை. உப்புக் கால்வாயில் தண்ணீர் சக்கரத்தின் பாதிவரை வந்தது, வண்டி முக்கிக்கொண்டே ஏறிவிட்டது. கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது குப்பமே கூடிவிட்டது. பெண்கள் வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி என் கன்னத்தை வழித்து நெற்றியில் முறித்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் கூடை ஏற்ற ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு வழக்கம்: அவரவர் எடுத்த மீன், அவரவர் கூடை, அவரவர்தான் ஏற்ற வேண்டும். முன்பெல்லாம் கூடையை இடுப்புக்குக் கொண்டுவந்து ஒரு தள்ளு தள்ளினால் வண்டிக்குள் போய்விடும். இப்போது வண்டியின் தளம் இடுப்புக்கு மேலே அரை அடி. மணலில் கால் வேறு புதைகிறது. பட்டறையின் சிமெண்டுத் தரையில் நின்று பார்த்த எனக்கு இது உறைக்கவே இல்லை. வாலிபமாக இருந்தவர்கள் தம் கட்டி நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள். கன்னியம்மா தூக்கினார். பாதியில் இடது கை விட்டுவிட்டது. கூடை கவிழ்ந்து மீன் முழுவதும் மணலில் கொட்டியது.

எந்தக் கழுத்துக்காக வண்டியைத் தூக்கினேனோ அந்தக் கழுத்துக்கே அது எட்டவில்லை. அந்தம்மா மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகத் தட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன், நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. அவர்தான் முதலில் பேசினார்:

“வண்டிய கரைக்குக் கொண்டாந்துட்ட. போறதுக்குள்ள கரையக் கொஞ்சம் ஒசத்தி வுட்டுட்டுப் போ.”

கயிறு பிடித்த கை

கரையை உயர்த்த முடியாது, வண்டியைத் தாழ்த்தலாமே என்று துலுக்காணத்துக்கு யோசனை வந்தது. பின் சக்கரங்களுக்கு இரண்டு குழி தோண்டி, வண்டியைப் பின்னால் எடுத்துக் குழியில் இறக்கினான். தளம் அழகாக இடுப்பு உயரத்துக்கு வந்தது. மீதிக் கூடைகள் நிமிஷமாக ஏறின. எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். வண்டியைக் கிளப்பினான். இழுக்கிற சக்கரம் இரண்டும் குழிக்குள், சும்மா உருளுகிற சக்கரம் இரண்டும் வெளியே. மணல் பறந்தது, வண்டி அச்சுவரை இறங்கியது.

அப்போது கரைவலை இழுக்கிறவர்கள் வந்தார்கள். வலைக் கயிற்றை அவிழ்த்து வண்டியின் முன்னால் கட்டினார்கள். வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டையே பாடி, காலை மணலில் ஊன்றி, ஒரே மூச்சாக இழுத்தார்கள். நானும் கடைசியில் நின்று கயிற்றைப் பிடித்தேன். வண்டி வெளியே வந்துவிட்டது. நான் கையைத் தட்டிவிட்டுப் போகப் பார்த்தேன், விடவில்லை. கரைவலையில் கயிற்றைப் பிடித்தவனுக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. ஒன்பது பெண்களும் ஒவ்வொரு கூடையிலிருந்தும் மீன் எடுத்துப் பங்கு வைத்தார்கள். எனக்கும் ஓலையில் சுற்றி ஒரு பங்கு காரப்பொடி மீன் வந்தது. தொல்லையைக் கொண்டுவந்தவனே நான்தான், எனக்கு எதற்குப் பங்கு என்றேன். வலைக்காரர் ஒருவர் என் கையில் அதைத் திணித்தார்:

“கயிறு புடிச்சா பங்கு, அவ்ளோதான். அந்தாண்ட கட்டிக்கினு இருந்தது மீனா வண்டியான்னு கயித்துக்கு இன்னா தெரியும்?”

கருங்குழி

வண்டி உயர்ந்ததில் இன்னொரு கோளாறு. இன்ஜினிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற நீள ஷாஃப்ட் சாய்ந்துபோய், வேகம் எடுத்தால் அடியில் ஒரு முனகல். அதற்கு மருந்து, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்துச் சாய்வைச் சரி செய்வது. ஆப்பின் தடித்த பக்கம் வண்டியின் பின்புறம் பார்க்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போயிருந்தார். எப்போதும் இன்ஜின் பக்கம் தலை வைத்துப் படுக்கிற நான், வண்டி கழுவிய தண்ணீர் தேங்கியிருந்ததால் அன்று தலையை மாற்றிப் படுத்தேன். என் கை மட்டும் பழைய நினைப்பிலேயே வேலை செய்தது. இரண்டு ஆப்பையும் திருப்பி வைத்து முடுக்கிவிட்டேன். பாய் வரட்டும், ஒருதரம் பார்க்கட்டும் என்று காத்திருக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு பஸ் கண்டக்டர் பட்டறை வாசலில் தலையை நீட்டி, உங்கள் மீன் வண்டி கருங்குழியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஓடினேன். ரோட்டோரம் புளியமரத்தடியில் ஒன்பது கூடைகளும் வரிசையாக இருந்தன. வண்டி நின்றதும் அழுது புரளாமல் அங்கேயே கடை விரித்துவிட்டார்கள். ஊர்க்காரர்களும் பஸ் பயணிகளும் முண்டிக்கொண்டு வாங்கினார்கள். நான் அடியில் போய்ப் பார்த்தேன். ஷாஃப்டின் ஜாயிண்ட் சிதறிக் கிடந்தது. மேலே என்னுடைய ஆப்பு, தடித்த பக்கம் முன்னால் பார்த்துக்கொண்டு.

ஜாயிண்ட் மட்டமான சரக்கு என்று சொல்லியிருந்தால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. நம் தொழிலில் அப்படிச் சொல்லாதவர் யார்? எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெளியே வந்து கன்னியம்மா முகத்தைப் பார்த்தேன். மரத்துப்போன இடது கையை மடியில் போட்டுக்கொண்டு வலது கையால் தராசைப் பிடித்திருந்தார். “தப்பு என்னுடையது, ஆப்பைத் திருப்பி வைத்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

“நல்லா நாலு வார்த்த கத்தணும்னு குந்திக்கினு இருந்தேன். நீயே ஒத்துக்கினியே, இனிமே யாரக் கத்துறது? போ, நாஸ்தா துன்னுட்டு வந்து மாட்டு.”

கரிக்கோடு

கருங்குழியில் போட்ட புது ஜாயிண்டோடு, ஆப்பைச் சரியாக வைக்க வண்டி பட்டறைக்கு வந்தது. இந்த முறை பாயும் வெறுங்கையோடு கீழே போய்ப் பார்த்துவிட்டார். முனகல் நின்றது. ஆனால் துலுக்காணம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணி ஆடி மாதத்தோடு வியாபாரத்தை விட்டுவிடப் போகிறது என்றான். கூடை ஏற்ற முடியவில்லை, இன்னொருத்தியைத் தினமும் கெஞ்சவும் மனசு வரவில்லை. நேராகப் போய், “இந்தச் செட்டையே கழற்றிவிட்டுப் பழைய ஸ்பிரிங்கை மாட்டித் தந்துவிடுகிறேன், அம்மா” என்றேன். “கழட்டினா வண்டி மறுபடி தோப்புலதானே நிக்கும்? மத்த எட்டு பேரும் நடக்கணுமா?” என்றார். அதோடு என் யோசனை தீர்ந்தது.

அவர் வண்டியின் பின்பக்கம் போய்த் தளத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு பாயின் உலையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். சுவர் வேலைக்காகக் கொட்டியிருந்த மணலை அள்ளி வண்டிக்குப் பின்னால் பரப்பச் சொன்னார். அதில் வெறுங்காலோடு ஏறி, கால் புதையும்வரை அழுத்தி நின்று, தன் இடுப்புக்கு நேராக, திறந்து கீழே தொங்கிய பின் கதவில் ஒரு கோடு போட்டார். “இந்த ஒசரத்துல சங்கிலி போட்டு ஒரு பலக தொங்க வுடு. கூடை அதும்மேல குந்தட்டும். நான் மேல நின்னுகினு உள்ள இழுத்துக்கறேன். ஓட்டறப்ப பலகய மடிச்சிக்கலாம்” என்றார். எல்லார் கூடையையும் அவர் உள்ளே இழுத்து அடுக்குவார், பதிலுக்கு மற்றவர்கள் அவர் கூடையைப் பலகைவரை கொண்டுவந்து வைப்பார்கள். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. நானும் பாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு மாதமாக எங்கள் இரண்டு மண்டைக்கும் எட்டாதது அது. கரித்துண்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“வண்டிய அளந்த, ஸ்பிரிங்க அளந்த. மீன் தூக்கறவள எப்ப அளக்கப்போற?”

தலை

பலகை மாட்டிய மறுநாள், யாரும் கூப்பிடாமல் நானே கடப்பாக்கம் போனேன். வண்டி தோப்பைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, கரையில் நின்றது. கன்னியம்மா பலகையில் ஒரு கால் வைத்து மேலே ஏறினார். கீழே கூடை பலகையில் உட்காரும், மேலே அவர் வலது கையால் கூடையின் காதைப் பிடித்து இழுத்து அடுக்குவார். ஒன்பது கூடையும் ஏறின. ஒரு மீன்கூட மணலில் விழவில்லை. ஆடி வந்தது, போனது. அவர் வியாபாரத்தை விடவில்லை. அதற்குப் பிறகு கடற்கரையோரத்திலிருந்து எத்தனையோ வண்டிகள் என்னிடம் உயர்த்த வந்தன. வண்டியோடு பாரம் ஏற்றுகிற ஆளையும் கூட்டிவரச் சொல்லி, மணலில் நிற்க வைத்து அளந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன்.

ஆனால் அன்று காலை நான் பார்த்தது வேறு. வண்டி கிளம்பும்போது கன்னியம்மா கூடைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து வழித்து வாரி, ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தார். அதுவரை நான் அவர் தலையைப் பார்த்ததே இல்லை. எப்போதும் சும்மாட்டுத் துணி, இல்லையென்றால் அது அழுத்திய சிக்கு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். கொஞ்சம் கூச்சம் வந்தது அவருக்கு. அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு, ஷாக் அப்சர்பரைப் பார்ப்பதுபோல் நான் வண்டிக்கு அடியில் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

“பதினேழு வருசம் இந்தத் தலைல மீன் தண்ணிதான் ஒழுகிச்சு, மெக்கானிக்கு. இன்னிக்குத்தான் பூ வச்சா அதுங்கூட நசுங்காம கீது.”

முப்பது வருஷம் டேப்பும் ஸ்கேலும் பிடித்த என் பட்டறையிலிருந்து மிகச் சரியான அளவோடு வெளியே போன ஒரே வண்டி, நான் அளக்காமல் கன்னியம்மா கரித்துண்டால் அளந்த அந்த வண்டிதான்.